நாலு நிமிஷக் கோபம்

“கதவைத் திறங்க... ப்ளீஸ், இப்பவே திறங்க...”

காசுக்குத் துணி துவைக்கும் கடையில், மெஷினின் வட்டக் கண்ணாடியை அவள் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அப்பாவின் பஞ்சுக் கோட்டு நுரையில் புரண்டது. ஒரு கையை மேலே தூக்கிக் காட்டியது. மறுபடி முங்கியது. வெளியே அந்நிய ஊரின் மழை, தெருவோர விளக்குக் கம்பங்களையும் குடைகளையும் விடாமல் நனைத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கோட்டுக்குள்தான் குடும்பத்தின் ஐந்து பாஸ்போர்ட்டும் இருந்தன. அது அவளுக்குத் தெரிந்து ஒரு நிமிடம்தான் ஆகிறது.

தெரியாமல் போனதற்குக் காரணம் அம்மா. கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்று டூர் பஸ்ஸில் யாரோ சொன்ன கதையைக் கேட்டு, நேற்று மாலை மகளின் கைப்பையிலிருந்து ஐந்தையும் எடுத்திருக்கிறாள். அப்பா கோட்டின் உள்துணியைப் பிரித்து, அதற்குள் ஒரு பாக்கெட் தைத்து, ஐந்தையும் வைத்து, வாயையும் தைத்து மூடிவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் அது என்ன ரகசியப் பாக்கெட்? இன்று காலை அப்பா அந்தக் கோட்டின் மேலேயே காபியைக் கவிழ்த்துக்கொண்டார். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அக்கா எப்படியும் துணி துவைக்கப் போகிறாளே என்று தம்பி அதைத் தூக்கி மூட்டையில் போட்டான். அவளும் வெளிப் பாக்கெட்டுகளைத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினுக்குள் தள்ளினாள். கிடைத்தது ஒரு கைக்குட்டை, இரண்டு பல்குச்சி.

குளித்துவிட்டு வந்த அம்மா போன் செய்தாள். “அந்தக் கோட்டு எங்கடி?”

பக்கத்து மெஷினுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. நீல உடுப்பு, அழுக்குப் பூட்ஸ். மெக்கானிக்காகத்தான் இருக்க வேண்டும். கதவைத் திறக்கச் சொல்லி அவள் ஆங்கிலத்தில் கெஞ்சியது அந்தக் கால்களிடம்தான். கால்கள் அசையவில்லை. “சரியான தடிமாடு...” என்று தமிழில் முணுமுணுத்தாள்.

கால்கள் பேசின.

“தடிமாட்டுக்குக் காது கேக்குதுங்க. உள்ளே தண்ணி நிக்கும்போது கதவு திறக்காது. வடியணும். நாலு நிமிஷம் ஆகும்.”

அவன் சறுக்கிக்கொண்டு வெளியே வந்து எழுந்தான். புருவத்தில் ஒரு கோடு கிரீஸ். அதற்குக் கீழே இரண்டு கண்கள்... மழைக்கு முன்பே வீடு வந்து சேர்ந்துவிட்டவனுடையவை போல அவசரமே இல்லாத கண்கள். நன்றாகத் தூங்கி எழுந்த கண்கள். அதைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல் இரட்டிப்பானது. ஆறு நாளாக ஒழுங்காகத் தூங்காதவள் முன்னால் வந்து இப்படி நிற்கலாமா?

உடைத்துத் திறக்கச் சொன்னாள். உடைத்தால் தண்ணீர் மொத்தமும் அவள் காலில்தான் கொட்டும், கோட்டு அப்போதும் ஈரமாகத்தான் இருக்கும் என்றான் அவன். எதையோ அழுத்தினான். மெஷின் நின்றது. தண்ணீர் களக் களக்கென்று இறங்கத் தொடங்கியது.

அந்த நாலு நிமிடமும் அவள் கத்தினாள்.

அவன் வேலையைப் பற்றி, அவன் பொறுமையைப் பற்றி, இந்த ஊர் மெஷின்களைப் பற்றி, இந்த ஊர் மழையைப் பற்றி... மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கத்தினாள். கடைக்காரம்மா, பூப்போட்ட ஏப்ரன் கட்டிய பெரிய உடம்புக்காரி, ஒரு சொல்லும் புரியாமல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூலையில் தன் உடுப்பைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பஸ் டிரைவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாய் பார்த்தார். தனக்குள் இவ்வளவு பெரிய குரல் இருப்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏனென்றால் வீட்டில் அவள் பல்லைக் கடிக்கிற ரகம். அதுவும் கூடாது என்று தெரிந்தவள். எட்டு வருடமாகப் பல் செட் செய்யும் லேபில் வேலை. பல்லைக் கடித்துக் கடித்தே தேய்ந்த கடைவாய்ப் பற்களை அச்சில் பார்த்துப் பார்த்து, தான் அப்படி ஆகக் கூடாது என்று நினைத்துக்கொள்வாள். வீட்டுக்குப் போனதும் கடிப்பாள். அப்பாவின் மாத்திரை, அம்மாவின் முழங்கால் பட்டை, தம்பியின் சார்ஜர், தம்பி மனைவியின் குளிர்க்கண்ணாடி, எல்லாருடைய டிக்கெட்டும் அவள் பையில். ஊர் சுற்றிப் பார்க்க வந்தது நான்கு பேர். அந்த நான்கு பேரையும் பார்த்துக்கொள்ள வந்தது அவள்.

கதவு ‘டக்’கென்று விட்டது. தையலைப் பிரிக்கப் பிளேடு எடுத்துவர அவன் பின்பக்கம் போனான். அந்த இடைவெளியில் அவள் குடும்பக் குழுவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். ‘இங்கே இருக்கிற மெக்கானிக் வேணும்னே மெஷினை நிறுத்தலை. அவனால்தான் எல்லாம் போச்சு.’

அனுப்பியதும் நெஞ்சில் ஒரு சின்ன நிம்மதி. அதை மறந்தும்போனாள்.

அவன் தையலைப் பிரித்தான். பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் கவர் வந்தது. அதில் நான்கு பாஸ்போர்ட், ஒரு சொட்டு ஈரம் இல்லாமல். அதோடு ஒட்டிக்கொண்டு, டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி ஐந்தாவது. அவன் பதமாகப் பிரித்தான். முதல் பக்கத்திலிருந்து அவள் முகம் அவளையே பார்த்தது.

அதற்குள் அம்மா மறுபடி போனில் வந்திருந்தாள்.

“கவர்ல நாலுதான்டி அடங்குச்சு. அஞ்சாவதைத் திணிச்சா கிழிஞ்சிடும் போல இருந்துச்சு. அதான் உன்னோடதை மட்டும் வெளியில சொருகினேன். நீதான் எதையும் பத்திரமா பாத்துக்குவியே...”

போனை வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். நான்கு பேரை யோசித்து யோசித்துக் கவருக்குள் வைத்த அதே கை...

அம்மாவின் குரல் அவனுக்கும் கேட்டிருக்கும். அவன் ஊறிய பாஸ்போர்ட்டை மேஜையில் விரித்து வைத்தான்.

“குடுங்க, நான் காய வைக்கிறேன்” என்று அவள் கையை நீட்டினாள்.

“நீங்க உக்காருங்க. இது என் வேலை.”

“இது மெஷின் இல்லையே.”

“இந்தக் கடையில ஈரமா எது இருந்தாலும் என் வேலைதான். உக்காருங்க.”

உக்காருங்க... இந்தச் சொல்லைத் தன்னிடம் கடைசியாகச் சொன்னது யார் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். ஏதாவது பல் டாக்டராக இருக்கலாம்.

உட்கார்ந்தாள். கடைக்காரம்மா உலர்த்தும் மெஷினிலிருந்து அப்போதுதான் எடுத்த துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்து, கேட்காமலே அவள் மடியில் கொட்டினாள். யாருடைய துண்டுகளோ... அந்தக் கதகதப்பு முழங்காலில் ஏறி, இடுப்பில் ஏறி, கண்ணில் போய் நின்றது. பஸ் டிரைவர் சட்டை மடிக்கிற வெள்ளைத் தாள்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மெக்கானிக் ஒவ்வொரு பக்கத்துக்கு நடுவிலும் ஒரு தாளைச் செருகினான். கடைக்காரம்மா முடி உலர்த்துகிற மெஷினைக் குளிர்காற்றில் வைத்துப் பிடித்தாள். மூன்று பேரும் ஆளுக்கொரு பாஷையில் ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொண்டார்கள். அதைக் கேட்டுக்கொண்டே அவள் தூங்கிப்போனாள்.

விழித்தபோது இரண்டு மணி நேரம் போயிருந்தது. மழை இளைத்து, கண்ணாடியில் ஒவ்வொரு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று தலைகளும் இன்னும் அந்த மேஜை மேலேயே குனிந்திருந்தன. அவளுடைய பாஸ்போர்ட்டுக்காக... முன்பின் தெரியாத மூன்று பேர். கிளம்பி வந்த ஆறு நாளில் முதல் தடவையாக வீட்டில் இருப்பது போல இருந்தது அவளுக்கு. உண்மையைச் சொன்னால், வீட்டில்கூட அவளுக்கு அப்படி இருந்து நாளாகிவிட்டது.

“தூக்கத்துலயும் பல்லைக் கடிக்கிறீங்க” என்றான் அவன், நிமிராமல்.

அவள் வெட்கத்தோடு தன் தொழிலைச் சொன்னாள். அவன் சிரித்தான்.

“அப்போ கவலையே இல்ல. தேய்ஞ்சா நீங்களே செஞ்சு மாட்டிக்கலாம்.”

“உங்களுக்கும் செஞ்சு தரேன். இன்னிக்கு நான் கத்தினதைக் கேட்டு ஒண்ணு ரெண்டு ஆடிப்போயிருக்கும்.”

“ஆடிப்போனது பல்லு இல்லைங்க...” என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டு தாளை மாற்றினான். காது மடல் சிவந்தது. அவள் பார்த்துவிட்டாள். மடியில் துண்டுகள் ஆறிப்போயிருந்தன. அவளுக்கு மட்டும் ஏனோ சூடாகவே இருந்தது.

அவன் இந்த ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறதாம். தமிழ் பேசுவது ஞாயிற்றுக்கிழமை போனில், தன் அக்காவிடம் மட்டும். அவன் பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டினான். புகைப்படப் பக்கம் தையலோடு கழன்று தொங்கியது. முத்திரைகள் கரைந்து நீலக் குளமாகியிருந்தன.

“இது தேறாதுங்க. பொய் சொல்ல வரல எனக்கு.”

வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் உள்ளுக்குள் எரிந்திருப்பாள். இவன் சொன்னபோது சரியென்று தலையாட்டினாள். அப்போதுதான் கடையின் கண்ணாடிக் கதவு தள்ளப்பட்டது. அப்பா முன்னால், பின்னால் தம்பி, அவன் மனைவி, கடைசியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அம்மா.

அப்பா நேராக மெக்கானிக்கிடம் போனார். போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“வேணும்னே நிறுத்தலையாமே? உன்னாலதான் எல்லாம் போச்சுன்னு என் பொண்ணு எழுதியிருக்கா. பார்.”

அவன் படித்தான். நிதானமாக, முழுவதும் படித்தான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்த அவசரமில்லாத கண்கள்... ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தன. இல்லை என்று சொன்னால் போதும். அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை. அப்பாவுக்கு முன்னால் அது என்றைக்குத்தான் வந்திருக்கிறது...

அவன் கையைத் துடைத்தான். “ஸாரி சார்” என்றான். கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனான். குடைகூட இல்லை.

போனபிறகு வழக்கமான கச்சேரி தொடங்கியது. பாக்கெட்டைப் பார்க்காமல் யாராவது துணி போடுவார்களா என்றார் அப்பா. டூரே பாழாகிவிட்டது என்றான் கோட்டை மூட்டையில் போட்ட மகானுபாவன். தம்பி மனைவி குளிர்க்கண்ணாடி எங்கே என்று கேட்டாள். நாளை மறுநாள் விமானம். தூதரகத்தில் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகப் புதுக் காகிதம் கிடைக்க ஐந்து நாளாவது ஆகும். தம்பிக்கு லீவு இல்லை. அப்பா ஒரு முடிவுக்கு வந்தவராகச் சொன்னார்.

“நாங்க கிளம்பறோம். நீ இருந்து வாங்கிட்டு வந்துடு. நீதான் எல்லாத்தையும் சமாளிச்சுப்பியே.”

அவள் எழுந்தாள். துண்டுகள் தரையில் சரிந்தன.

“நான் சமாளிக்க மாட்டேன்பா. இதுவரைக்கும் நான் சமாளிச்சதே இல்ல. பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன், அவ்வளவுதான். உங்க நாலு பேருக்கும் ஒரு கவர் இருந்துச்சு. எனக்கு இல்ல. அதுக்கு அந்த மனுஷன் என்ன பண்ணுவார்? அந்த மெசேஜ் பொய். நான் எழுதின பொய்.”

அப்பாவின் போன் கையிலேயே இருந்தது. இத்தனை வருடமாக எங்கே வைத்திருந்தாளோ, எல்லாம் வந்தது. மாத்திரை டப்பாவை அப்பா கையிலும் சார்ஜரைத் தம்பி கையிலும் குளிர்க்கண்ணாடியை அவன் மனைவி கையிலும் எடுத்து எடுத்துக் கொடுத்தாள். பஸ் டிரைவருக்குப் புரிந்ததோ இல்லையோ, கடைசியில் பலமாகத் தலையாட்டினார்.

தான் கூட இருப்பதாக அம்மா மெல்லச் சொன்னாள். இருந்தால் உன்னையும் நான்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மகள் பட்டென்று சொல்லிவிட்டாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கிளம்புகிற அன்றைக்கு, அவள் கையில் எதையோ மடித்து வைத்தாள். அந்தப் பிளாஸ்டிக் கவர். “புதுசு வந்ததும் இதுல வை” என்றாள். அவளுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் கவரைத் தூக்கி எறியவும் முடியவில்லை.

கோட்டு நனைந்த மறுநாளிலிருந்தே காலையில் தூதரகத்து வரிசை. மதியத்துக்கு மேல், துவைக்க ஒன்றும் இல்லாமலே அவள் அந்தக் கடைக்குப் போனாள். முதல் நாள் கடைக்காரம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு கூடைத் துண்டை முன்னால் நகர்த்தினாள். அவள் மடிக்கத் தொடங்கினாள். பஸ் டிரைவர் தன் பேரக்குழந்தைகளின் படத்தைக் காட்டினார். யாரும் அவளை எதுவும் சமாளிக்கச் சொல்லவில்லை. முடிந்த வரைக்கும் மடித்தாள். களைத்தால் உட்கார்ந்தாள்.

இரண்டாம் நாள் அவன் வந்தான். அவளைப் பார்த்தான். “வணக்கம் மேடம்” என்றான். அந்த ‘மேடம்’ அவள் காதில் அறை மாதிரி விழுந்தது. ஒரு குழாயை மாற்றிவிட்டுப் போய்விட்டான். மன்னிப்புக் கேட்க ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்தவள், கையில் துண்டோடு மரமாக நின்றாள். திட்டிவிட்டாவது போயிருக்கலாம்... பெரிய மகாராஜா. பிறகு தன் மேலேயே கோபம் வந்தது. அன்றைக்கு ஒரே துப்பட்டாவை மூன்று தடவை துவைத்தாள். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அவன் வரவில்லை. மெஷின் எதுவும் கெட்டுப்போகவில்லை.

ஐந்தாம் நாள் புதுக் காகிதம் கையில் வந்துவிட்டது. மறுநாள் காலை விமானம். விடைபெறுவதற்காகக் கடைக்கு வந்தவளின் முகத்தைக் கடைக்காரம்மா பார்த்தாள். ஒன்றும் பேசாமல் போய் ஓரத்து மெஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவினாள். பிறகு போனை எடுத்தாள்.

இருபது நிமிடத்தில் அவன் நனைந்துகொண்டே வந்து நின்றான். உருவிக் கிடந்த பிளக்கைப் பார்த்தான். கடைக்காரம்மாவைப் பார்த்தான். கடைக்காரம்மா கூரையைப் பார்த்தாள்.

அவன் திரும்பிப் போவதற்குள் அவள் வழியில் போய் நின்றாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“எனக்கு உங்க மேல கோவமா இருக்கு” என்றாள்.

“என் மேலயா?”

“ஆமா. மேடம்னு கூப்பிடறீங்க. ஒரு வார்த்தை திட்டலை. எங்க வீட்ல எது நடந்தாலும் நான்தான் காரணம். அன்னிக்கு ஒரே ஒரு தடவை வேற யாராவது காரணமா இருக்கட்டும்னு உங்க மேல தூக்கிப் போட்டேன். எனக்கு எது நடந்தா வலிக்குமோ அதையேதான் உங்களுக்குப் பண்ணினேன். அப்பா முன்னாடி வாய் திறக்காம வேற நின்னேன்...” குரல் உடைந்தது. விடவில்லை. “முப்பத்தொரு வருஷத்துல நான் வாய்விட்டுக் கத்தின முதல் ஆள் நீங்க. ஏன்னு அஞ்சு நாளா யோசிக்கிறேன். உங்ககிட்ட கத்தலாம், நீங்க எங்கயும் போயிட மாட்டீங்கன்னு அந்தக் கண்ணைப் பார்த்ததும் தோணியிருக்கு. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. போதுமா?”

போதுமா என்பதையும் சண்டை போடுகிற மாதிரியேதான் கேட்டாள்.

அவன் கருவிப் பெட்டியைக் கீழே வைத்தான். மெஷின்கள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு கையை உயர்த்தினான்.

“நாலு நிமிஷம் குடுங்க” என்றான் மெல்ல. “வடியட்டும்.”

அன்றைக்கு நாலு நிமிடம் பொறுக்காமல் கண்ணாடியைத் தட்டியவள், இன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம். பஸ் டிரைவர் சூடே ஏறாத இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேல் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம். அவன் முகத்திலிருந்து வழிந்தது மழையா வேறா என்று தெரியவில்லை. மூன்று...

“கத்தினதுக்கு எனக்குக் கோவம் இல்லைங்க” என்றான் அவன். “ஆறு வருஷமா இந்த ஊர்ல எல்லாரும் என்கிட்ட மரியாதையாதான் பேசறாங்க. தேங்க்யூ, ஸாரி, ப்ளீஸ்... யாரும் உரிமையா ஒரு திட்டு திட்டினதில்ல. மெஷினுக்கு அடியில படுத்திருக்கேன், தடிமாடுன்னு ஒரு குரல் கேக்குது. வீட்டுக்கு வந்துட்டேன்னு நினைச்சேன். அதனாலதான் அந்த மெசேஜைப் படிச்சப்போ தாங்கல. முகத்துக்கு நேரா நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்குவேன். தினமும் கேட்டுக்குவேன்.”

“தினமுமா?”

“தினமும். அடுத்த மாசம் எனக்கு லீவு இருக்கு. உங்க ஊருக்கு வரேன். உங்க அப்பாகிட்ட நானே பேசறேன்.”

“எங்க அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றாள் அவள். “நீங்க உக்காருங்க.”

அவன் உட்கார்ந்தான். அவள் கைப்பையைத் திறந்து அம்மா கொடுத்த கவரை எடுத்தாள். புதுக் காகிதத்தை அதற்குள் வைத்தாள். நாலு பாஸ்போர்ட் அடங்கிய கவர், இன்னும் நிறைய இடம் இருந்தது. அதைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் நீட்டினாள்.

“வரும்போது உங்களோடதையும் இதுலயே வச்சிடுங்க” என்றாள். “வெளியில சொருகினீங்கன்னா, அப்புறம் தெரியும் சேதி.”